‘படி’யை நடத்துவது எப்படி?

பாடநூலில் செய்யுளை அடுத்து ‘சொல்லும் பொருளும்’ என்று ஒரு பகுதி வரும். ஆசிரியர் வாசிக்கச் சொல்வார், பிள்ளைகள் கோரஸாக வாசிப்பார்கள், வீட்டுப்பாடமாக ஐந்து தடவை எழுதிக்கொண்டு வருவார்கள், தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்குவார்கள். அதோடு அந்தச் சொல்லுக்கும் அவர்களுக்கும் உறவு முடிந்துவிடும். பிறகு எந்தக் கட்டுரையிலும் அது தலைகாட்டாது. மனப்பாடம் செய்த பொருள் மறந்துபோனதால் அல்ல. அந்தச் சொல்லை எந்த வாக்கியத்தில், எதற்குப் பக்கத்தில் வைப்பது என்று யாரும் காட்டித் தராததால்.

இது பழைய சிக்கல்தான். தொல்காப்பியத்தில் உரியியல் முழுக்க அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்கிற வேலைதான் நடக்கிறது. உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்பது போல வரிசையாகப் போகும். இயலின் தொடக்கத்திலேயே, தெரிந்த சொல்லை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று தொல்காப்பியர் ஒரு வரம்பு போட்டுக்கொள்கிறார். முடியும் இடத்தில் ஆசிரியர்களுக்கென்றே சொன்னது போல மூன்று கருத்துகள் வருகின்றன. பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு முடிவே கிடையாது. உணர்த்தத் தெரிந்தவர் உணர்த்தினால் பொருள் பிறழாது. உணர்ந்துகொள்வது கேட்பவரின் திறத்தைப் பொறுத்தது.

முதல் கருத்தை எந்த வகுப்பிலும் பார்க்கலாம். “நனின்னா என்னங்கய்யா?” “மிகுதி.” “மிகுதின்னா?” “அதிகம்.” “அதிகம்னா நிறையவாங்கய்யா?” “ஆமா, உட்காரு.” நான்கு சொல் செலவாயிற்று, ‘நனி’ எங்கே வரும் என்பது இன்னும் தெரியவில்லை. அது ஒரு வினைக்கோ பண்புக்கோ முன்னால்தான் ஒட்டும், ‘நனி பேர் வந்தார்கள்’ என்று எழுத முடியாது என்பதை எந்த மாற்றுச்சொல்லும் சொல்லித் தராது.

ஆகவே இந்த அத்தியாயத்தின் வேலைமுறை இது: பொருளைக் கடைசியில் சொல்லுங்கள், வாக்கியத்தை முதலில் கொடுங்கள். ஒரு பீரியடுக்கு ஒரே ஒரு சொல். இங்கே ‘படி’யை எடுத்துக்கொண்டு ஏழாம் வகுப்பில் எப்படி நடத்தலாம் என்று பார்ப்போம். தெரிந்த சொல்லை விளக்க வேண்டாம் என்று தொல்காப்பியரே சொல்லியிருக்க இதை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். பிள்ளைகளுக்கு ‘படி’ தெரியும். எத்தனை ‘படி’ தெரியும் என்பது அவர்களுக்கே தெரியாது. பயிற்சிக்கு அப்படிப்பட்ட சொல்தான் தோது.

பலகையில் ஆறு வாக்கியம்

தலைப்பு எழுதாதீர்கள். பொருளும் எழுதாதீர்கள். இந்த ஆறை மட்டும் எழுதுங்கள்:

தங்கை பாடம் படிக்கிறாள்.
அலமாரியில் தூசு படிகிறது.
தாத்தா படியில் உட்கார்ந்திருக்கிறார்.
பாட்டி ஒரு படி அரிசி களைந்தாள்.
அப்பாவுக்கு அகவிலைப்படி உயர்ந்திருக்கிறது.
அம்மா சொன்னபடி செய்தேன்.

பிறகு ஒரே கேள்வி: “இதில் எது எது ஒரே சொல்?” கைகள் உயரும். முதல் இரண்டையும் ஒன்று என்று பாதி வகுப்பு சொல்லும். நீங்கள் எதிர்பார்க்கிற இடமும் அதுதான்.

படிக்கிறாள், படிகிறது. நடுவில் ஒரு ‘க்’ கூட. இறந்தகாலத்துக்குப் போகச் சொல்லுங்கள்: படித்தாள், படிந்தது. எதிர்காலம்: படிப்பாள், படியும். இரண்டும் வெவ்வேறு வினை என்பது இப்போது கண்ணுக்கே தெரியும். பழைய அகராதிகள் ‘படிதல்’, ‘படித்தல்’ என்று தனித்தனியாகவே தலைச்சொல் கொடுப்பது இதனால்தான்.

இங்கே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து, “உடைந்தது, உடைத்தான் மாதிரியா?” என்று கேட்கும். நல்ல கேள்வி, தவறான ஊகம். உடைதல் தானாக நடப்பது, உடைத்தல் ஒருவர் செய்வது; இரண்டும் ஒரே செயல். படித்தவர் யாரும் எதையும் படியச் செய்யவில்லை. முடியைப் ‘படித்தான்’ என்று சொல்ல முடியாது, ‘படிய வைத்தான்’ என்றுதான் சொல்லியாக வேண்டும். “ஆனா படிச்சது மனசுல படியுதே” என்று அந்தப் பிள்ளை விடாமல் வாதிட்டால் பாராட்டுங்கள். அழகான பேச்சு, நினைவில் வைக்கவும் உதவும். இலக்கணக் குறிப்பாக மட்டும் நோட்டில் ஏற விடாதீர்கள்.

எதெல்லாம் படியும், எது படியாது

இரண்டாவது வாக்கியத்திலேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். வேறு எதெல்லாம் படியும் என்று கேட்டால் வரிசையாக வரும்: புழுதி, கறை, புகை, பாசி, வண்டல், ஈரம், துரு. இப்போது எதிர்க்கேள்வி போடுங்கள். மேசையில் பேனா படியுமா? தரையில் காகிதம் படியுமா? வகுப்பு சிரிக்கும். ஏன் சிரிப்பு வருகிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். நுண்ணியதாக இருக்க வேண்டும், பரவ வேண்டும், மேலே ஒட்டி அடையாக நிற்க வேண்டும் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லிவிடுவார்கள். இந்த வரையறை எந்த உரைநூலிலிருந்தும் வரவில்லை, வகுப்பே கண்டுபிடித்தது. ஒரு சொல் எங்கே வராது என்று காட்டுவது, எங்கே வரும் என்று காட்டுவதைவிடப் பல சமயம் வேகமாக வேலை செய்கிறது.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத படிதல்கள். தலையைப் படிய வாருவது வீட்டில் தினமும் கேட்கிற பேச்சு. அங்கே முடி துருத்திக்கொண்டு நிற்காமல் அடங்குகிறது. மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்திக் கைவிரலைப் பிடித்துப் பேரம் பேசுகிறார்கள்; கடைசியில் விலை படிகிறது, இல்லையென்றால் படியவில்லை என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெரியவர் சொல்லுக்குக் கீழ்ப்படிகிறோம். அடங்குதல், இசைதல், பணிதல் எல்லாவற்றிலும் எழும்பி நின்ற ஒன்று தாழ்ந்து அமைகிறது. இவ்வளவு சொன்னால் போதும். கீழ்ப்படிதலைப் பற்றி ஒழுக்கப் பாடம் நடத்தும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள், அது வேறு பீரியட்.

முதல் வாக்கியத்துக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் செய்தித்தாளையும் படிக்கிறோம், பொறியியலையும் படிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் செய்தித்தாளை வாசிப்பார்கள். படிப்பது பள்ளிக்கூடப் பாடம். அங்கே ஆசிரியர் ‘படிப்பிக்கிறார்’. பாடுவதை ‘பாட்டுப் படிக்கிறது’ என்று சொல்வதும் ஈழத்தில் சர்வசாதாரணம். நம் கிராமங்களிலும் தெம்மாங்கு படிப்பார்கள், ஒப்பாரி படிப்பார்கள். ஊரிலிருந்து வந்த பிள்ளை ‘பாட்டி பாட்டுப் படிச்சாங்க’ என்று எழுதினால் சிவப்பு மையைத் திறக்காதீர்கள். பாட்டி எழுத்துக்கூட்டி வாசித்தாரா, குரலெடுத்துப் பாடினாரா என்று கேளுங்கள். தங்கள் வீட்டுப் பேச்சு வகுப்பறையில் சான்றாக எடுபடுகிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த பீரியடில் தானாக வாய் திறக்கும்.

கையில் கொடுக்க வேண்டிய படி

மூன்றாவது வாக்கியம் சுலபம். வாசற்படி, மாடிப்படி, படிக்கட்டு, படித்துறை, கொலுப்படி, சபரிமலையின் பதினெட்டாம்படி என்று அவர்களே அடுக்கிவிடுவார்கள். ‘படிப்படியாக’ என்பதையும் ‘கோர்ட் படி ஏறினார்’ என்பதையும் நீங்கள் சேர்த்துக்கொடுத்துவிட்டு நகருங்கள்.

நான்காவதுதான் தடுக்கும். இன்றைய பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அரிசி கிலோவில் வருகிறது. ‘படி என்பது ஒரு முகத்தலளவை’ என்று எழுதிப்போட்டால், முகத்தலுக்கும் ஒரு விளக்கம் தேவைப்படும். பொருளுக்குப் பொருள் தேடும் கதை மறுபடி தொடங்கிவிடும். படியையே கொண்டுவாருங்கள். பழைய வீடுகளில் எங்காவது ஒரு மூலையில் பித்தளைப் படியோ இரும்புப் படியோ இருக்கும். திருமண வீட்டில் நிறைபடி வைக்க எடுப்பார்கள். அதோடு ஒரு ஆழாக்கும் உழக்கும் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒரு பிள்ளையை அழைத்து ஆழாக்கால் அரிசியை அள்ளிப் படியில் போடச் சொல்லுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டாவது ஆழாக்கில் படி நிரம்ப வேண்டும். சில சமயம் நிரம்பாது, அல்லது வழியும், ஏனென்றால் படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. அதுவும் ஒரு பாடம்தான். உங்கள் படி எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று தண்ணீர்ப் பாட்டிலால் அளந்து பலகையில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அரிசியைக் கூம்பாகக் குவித்து ஒருமுறை அளக்கட்டும், விளிம்போடு கையால் வழித்துத் ‘தலைதட்டி’ ஒருமுறை அளக்கட்டும். மளிகைக் கடையில் பாட்டி ஏன் சண்டை போட்டார் என்பது விளங்கிவிடும்.

அளவைப் பார்த்தபின் அதன் வழக்குகள் தாமாகப் புரியும். உயிர்களுக்கெல்லாம் இறைவன் ‘படியளக்கிறான்’ என்பது பேச்சுவழக்கு. மதுரையில் மார்கழி மாதத்து அஷ்டமி சப்பரத்தில் சுவாமியும் அம்மனும் வெளிவீதிகளில் வலம்வரும்போது வழியெல்லாம் அரிசி போடுவது இந்தப் படியளத்தலைத்தான் குறிக்கிறது. 1967 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. முன்வைத்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. அந்தக் காலத்து வாக்காளர் யாருக்கும் படி எவ்வளவு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று கிலோ என்றா சொன்னார்கள் என்று வகுப்பில் யாராவது கேட்டால், பலகையில் இருக்கும் லிட்டர் கணக்கைக் காட்டுங்கள்.

இங்கிருந்து ஐந்தாவது வாக்கியத்துக்கு ஒரு எட்டுதான். வேலை செய்தவருக்குத் தானியத்தை அளந்து போட்ட காலத்தை நினைவூட்டுங்கள். அளந்தது காசாக மாறியபிறகும் பெயர் ஒட்டிக்கொண்டு வந்தது என்று கொண்டால் பயணப்படி, வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி எல்லாம் பிடிபடும். பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் கிடைத்ததாகப் புராணம் சொல்லும் பொற்காசுக்குப் ‘படிக்காசு’ என்றுதான் பெயர். அகவிலைப்படியைப் பஞ்சப்படி என்று சொல்கிற அரசு ஊழியர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் காது கொடுத்தாலே கேட்கும். இலங்கையில் இவற்றுக்குக் கொடுப்பனவு என்று பெயர்.

‘சொன்னபடி’யா, ‘சொன்னப்படி’யா?

ஆறாவது வாக்கியத்தில்தான் கட்டுரை நோட்டுகள் சிவக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் ‘சொன்னப்படி’, ‘கேட்டப்படி’ என்று எழுதுவார்கள். ‘அப்படி’, ‘எப்படி’, ‘சட்டப்படி’ எல்லாவற்றிலும் ‘ப்’ இருப்பதால் இங்கேயும் வரும் என்று நினைக்கிறார்கள். சொன்ன, கேட்ட, எழுதிய என்பன பெயரெச்சங்கள். அவற்றின் பின் வல்லினம் மிகாது. விதி இவ்வளவுதான், ஆனால் தேர்வு அவசரத்தில் விதி கைகொடுக்காது, காதுதான் கொடுக்கும். ‘அப்படி’ என்று உரக்கச் சொன்னால் இரண்டு உதடும் அழுந்தி மூடித் திறக்கும். ‘சொன்னபடி’ என்கிறபோது ‘ப’ மென்மையாக நழுவிப் போகும். சொல்லிப் பார்த்துவிட்டு எழுதும் பழக்கத்தை உண்டாக்கிவிட்டால் இந்தப் பிழை ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும்.

பொருளிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ‘சொன்னபடி செய்தான்’ என்றால் சொல்லியவாறு. ‘சிரித்தபடி வந்தான்’ என்றால் சிரித்துக்கொண்டே. ஒரே அமைப்பு, இரண்டு வேலை. அடுத்துவரும் வினையைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறோம். அதுவும் சில நேரம் கைவிட்டுவிடும். ‘பேசியபடி நடந்தான்’ என்று பலகையில் எழுதி என்ன பொருள் என்று கேளுங்கள். வாயில் பேச்சும் காலில் நடையுமாகப் போனான் என்பார்கள் சிலர். வாக்குத் தவறவில்லை என்பார்கள் சிலர். இரண்டு கட்சியும் சரி. முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் சேர்த்து, தாங்கள் நினைத்த பொருள் மட்டுமே வரும்படி எழுதிக் காட்டச் சொன்னால், சூழல் என்றால் என்ன என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

இடைவெளியும் பொருளை மாற்றும். ‘பாசி படிந்த படியில் வழுக்கினான்’ என்பதில் இரண்டு ‘படி’யும் வேறு வேறு சொல், விட்டெழுத வேண்டும். ‘சொன்ன படி’ என்று விட்டெழுதினால் யாரோ சொன்ன ஒரு படிக்கட்டு வந்து நிற்கும்.

அகராதியைத் திறக்கும் நேரம்

இவ்வளவும் ஆனபிறகு அகராதியை எடுங்கள், முதலிலேயே எடுக்காதீர்கள். தேடுவது என்ன என்று தெரிந்தவருக்குத்தான் அகராதி பதில் சொல்லும். ஒரு சிறு வரலாறும் சொல்லலாம். நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்த காலம் ஒன்று இருந்தது. சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி ஒரு சொல்லின் பல பொருள்களைச் சொல்வது. அது எதுகை வரிசையில் அமைந்தது. ஆக, அங்கே சொல்லைத் தேட முதலெழுத்து உதவாது, இரண்டாம் எழுத்தைப் பிடிக்க வேண்டும். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைச் செய்தபோது சொற்கள் அகர வரிசைக்கு வந்தன. இன்றைக்கு வகுப்பில் வைத்துக்கொள்ளத் தோதானது 1992-இல் முதல் பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. ஒவ்வொரு வினைக்கும் ‘படிய, படிந்து’, ‘படிக்க, படித்து’ என்று வடிவங்களைக் கொடுத்து, வாக்கியமும் காட்டுகிறது. வாக்கியம் இல்லாத அகராதியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய இலக்கியம் வாசிக்கும் வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்குப் போகட்டும். ‘படி’க்கு உலகம் என்ற பொருளும் உண்டு என்பதை அங்கே பார்த்துக்கொள்வார்கள், ஏழாம் வகுப்பில் வேண்டாம்.

அகராதி திறந்தவுடன் வேர் தேடும் ஆர்வமும் கூடவே வரும். படிந்து உறைந்ததால் படிகம் என்று யாராவது சொல்வார்கள், கேட்க நன்றாகவும் இருக்கும். படிகம் ‘ஸ்படிகம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது, இந்தக் குடும்பமே அல்ல. ஓசை ஒத்துப்போவதால் உறவு சொல்லும் வழக்கத்தை ஆசிரியரே தொடங்கி வைக்கக் கூடாது.

காட்ட முடியாத சொல்

படியைக் கையில் கொடுத்துவிடலாம். ஒப்புரவை எப்படிக் கொடுப்பது? திருக்குறளில் ஒப்புரவறிதல் இருபத்திரண்டாம் அதிகாரம், ஈகை இருபத்து மூன்று. இரண்டுக்கும் ‘பிறருக்கு உதவுதல்’ என்று குறிப்பெழுதும் கைடுகள் நிறைய உண்டு. அப்படியானால் வள்ளுவர் ஏன் அடுத்தடுத்து இரண்டு அதிகாரம் வைத்தார் என்ற கேள்வியோடு தொடங்குங்கள்.

ஒப்புரவுக்கு அவர் எடுக்கும் உவமைகள் ஊர்க் குடிநீர்க் குளம், ஊர் நடுவில் பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். மூன்றையும் சொல்லிவிட்டு, “குளத்துக்குப் போகிறவர் யார்? ஏழை மட்டுமா?” என்று கேளுங்கள். ஊரே போகிறது, யாரும் கையேந்துவதில்லை. ஈகையில் இல்லாதவர் ஒருவர் எதிரே நிற்கிறார். வேறுபாடு இங்கேதான். பிறகு சூழல்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்: பிச்சை கேட்டவருக்குச் சோறு போட்டது, தெருவுக்குப் பொதுவாகத் தண்ணீர்ப்பந்தல் வைத்தது, சொந்தக் கிணற்றை ஊருக்குத் திறந்துவிட்டது. மூன்றாவதில் வாதம் வரும், வரட்டும்.

கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளை, “கோயிலில் ஒப்புரவுன்னா பாவசங்கீர்த்தனம் செய்யறதாச்சே” என்று சொல்லக்கூடும். அதுவும் சரியான பொருளே. பிரிந்தவர் மீண்டும் ஒன்றுபடுவதைக் குறிக்க விவிலியத் தமிழ் இதே சொல்லை எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனம் என்பார்கள். குறளில் ஒன்று, கோயிலில் ஒன்று என இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

எப்படிக் கேள்வி கேட்பது

‘படி – பொருள் தருக’ என்று தாளில் கேட்காதீர்கள். எதை எழுதினாலும் மதிப்பெண் போட வேண்டியிருக்கும். ‘படித்த’, ‘படிந்த’ இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்படி எழுதச் சொல்லுங்கள். ‘தூசு படித்தது’, ‘கேட்டப்படி கொடுத்தார்’ போன்ற பிழை வாக்கியங்களைத் திருத்தச் சொல்லுங்கள். ‘படி’ வரும் ஐந்து கூட்டுச்சொற்களை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, யார் எந்தச் சமயத்தில் சொன்னார்கள் என்ற குறிப்போடு எழுதிவரச் சொல்லுங்கள். பத்திரம் எழுதும் வீட்டிலிருந்து ‘மேற்படி’ வரும், பதிப்பகத்தில் வேலை பார்ப்பவர் வீட்டிலிருந்து ‘கையெழுத்துப்படி’ வரும், வியாபாரி வீட்டிலிருந்து ‘கட்டுப்படியாகாது’ வரும்.

மதிப்பெண் போடும்போது அகராதிப் பொருளை அப்படியே ஒப்பித்த விடைக்கும், பொருளைச் சொல்லத் திணறிச் சொல்லைச் சரியான வாக்கியத்தில் வைத்த விடைக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் இரண்டாவதற்குக் கூடுதலாகப் போடுங்கள்.

ஒரு வாரம் கழித்துச் சொல்வதெழுதுதலில் முன்னறிவிப்பில்லாமல் மூன்று ‘படி’ வாக்கியம் சேர்த்துவிடுங்கள். யார் ‘ப்’ போட்டார்கள், யார் போடவில்லை என்று பார்த்தால் அடுத்து என்ன நடத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். பெரும்பாலோர் தேறிவிட்டால் ‘கால்’ என்ற சொல்லுக்குப் போகலாம். அதற்கு இரண்டு பீரியட் ஒதுக்கிவையுங்கள்.